அது வேற, இது வேற

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. வேண்டுமென்றால் ஒரகடம் பக்கம் வரும்போது எங்கள் கம்பெனி கேண்டீனுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். வாலிபால் மைதானத்தின் வளைவில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வளைவைத் திறந்த அன்று அவரைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிட்டார்கள். "எட்டு வருஷம் அவர்கூட ஆடியிருக்கீங்க. உங்களைவிட யாருக்குங்க தெரியும்? அந்த ஃபைனல் கதையை மட்டும் சொல்லிடுங்க, போதும்" என்றார் எச்.ஆர். ஆபீசர். தலையாட்டிவிட்டு வந்தேன். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி பேச்சியும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ஆட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அவரைப் பற்றி யார் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்க முடியும்.

வாலிபாலில் பூஸ்டர் என்று ஒருவன் இருப்பான். வலைக்குப் பக்கத்தில் நின்று, வருகிற பந்தை விரல் நுனியால் மேலே தூக்கிக் கொடுப்பான். இன்னொருவர் ஓடி வந்து எகிறி அதை அடிப்பார். கைதட்டல் அடிக்கிறவருக்கு. பூஸ்டரைப் போட்டோவில்கூடத் தேட வேண்டும். நான் பூஸ்டர், அவர் அடிக்கிறவர். தமிழ்நாட்டு அணிக்கு ஆடியவர், விளையாட்டுக் கோட்டாவில் கம்பெனிக்கு வந்தவர், பிள்ளைப்பாக்கத்துக்காரர். நான் வேலைக்குச் சேரும்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. லேசாகத் தொந்தி. இரண்டு முட்டியிலும் சாயம் போன கேப். முதல்முறை பார்த்தபோது, இவரா என்றுதான் நினைத்தேன்.

பிறகு எகிறினார். எல்லாரும் எகிறி அடித்துவிட்டு இறங்குவார்கள். இவர் மேலே போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பார். எதிர்ப்பக்கம் எவன் எங்கே நிற்கிறான், எவன் கால் மாற்றுகிறான் என்று சாவகாசமாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு, ஆளில்லாத இடத்தில் பந்தை வைப்பார். நான் தூக்குகிற பந்து ஒரு சாண் தள்ளிப் போனாலும் இவர் அதை அழகான பந்தாக ஆக்கிவிடுவார். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்து, ஒரே அறையில் ஏழு பேரோடு படுத்து, ஷிப்ட் முடித்து ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தவனுக்கு, சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம்தான் நான் ஓர் ஆள் என்று தோன்றும்.

மைதானத்துக்குத் தண்ணீர் தெளிப்பது, கோடு போடுவது எல்லாம் அவரே செய்வார். வெள்ளைப் பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு, கயிறு கட்டாமல், பின்பக்கமாகவே நடந்து கோடு இழுப்பார். கோணியதே கிடையாது. இழுத்து முடித்ததும் சொல்வார்.

"கோட்டுக்குள்ள வந்துட்டா மாமன் மச்சான் கெடையாதுபா. மேனேஜர் வந்தாலும் பந்துதான் பேசும்."

சொன்னபடி நடப்பார். ஒருமுறை என் கை வலையில் உரசிவிட்டது. ரெஃப்ரி கவனிக்கவில்லை. நானும் ஊமையாக நின்றேன். இவர் ஆட்டத்தை நிறுத்தி, "நெட்டு பட்டுச்சி. பாயிண்ட்ட அவனுங்ககிட்ட குடுத்துரு" என்றார். எனக்கு முகம் சுண்டிப் போனது. "இன்னாடா மூஞ்சிய தூக்கிகினு கீற? கையத் தூக்கிக் காட்டினா ஆட்டம் நம்மளுது. மறைச்சா பாயிண்ட்டு மட்டுந்தான் நம்மளுது" என்றார்.

அந்த ஃபைனலும் இப்படித்தான். கம்பெனிகளுக்கு நடுவே நடந்த போட்டி. கடைசி செட், இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை எங்களுக்கு. எதிரணிக்காரன் அடித்த பந்து எங்கள் தலைக்கு மேலே பறந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. ரெஃப்ரி விசில் ஊதி எங்கள் பக்கம் கையைக் காட்டினார். பையன்கள் உள்ளே ஓடி வந்து என்மேல் ஏறினார்கள். ஆனால் இவர் வலைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார். வலது கை மேலே. மற்ற கையால் அதன் நடுவிரலைத் தொட்டுக் காட்டினார்.

"என் வெரல்ல பட்டுச்சி சார்."

அந்தப் பந்தைத் தடுக்கப் பக்கத்தில் தோளோடு தோள் எகிறிய எனக்கே தெரியவில்லை. தடுத்தவன் விரலில் பட்டு வெளியே போனால் பாயிண்ட் அடித்தவனுக்கு. ரெஃப்ரி இரண்டு தரம் கேட்டார். இவர் கையை இறக்கவில்லை. அந்தப் பாயிண்ட் போனது, அடுத்த இரண்டும் போனது, கோப்பையும் போனது. எதிரணிக்காரர்கள் தங்கள் கோப்பையைக் கீழே போட்டுவிட்டு வந்து இவரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். நான் அழுதேன். தோற்றதற்கு இல்லை. இப்படி ஒரு மனிதனுக்குப் பந்து தூக்கிக் கொடுக்கிறோம் என்று அழுதேன்.

இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. ஹாஸ்டலில், கேண்டீனில், கம்பெனி தினத்துச் சாப்பாட்டுப் பந்தியில், ஊரில் என் மாமனார் வீட்டில். அந்த விரலை நான் காட்டும்போது கேட்கிறவர்கள் தங்கள் விரலைப் பார்ப்பார்கள்.

கோட்டுக்கு வெளியே அவர் பேசியதையும் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ரோட்டோர டீக்கடை. அவர் ஸ்டூலில் உட்கார, நாங்கள் சுற்றி நிற்போம். அங்கே அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெற்கத்திப் பையன்கள் வந்து ஊர் கெட்டுப்போனது, யூனியன் வைப்பவன் எல்லாம் சோம்பேறி, காதலித்துக் கல்யாணம் செய்கிறவளை வீட்டில் சேர்க்கக் கூடாது. அவருக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது.

"பொம்பள ஷிப்ட்டுக்குப் போனா அப்புறம் அது வூடா இருக்காதுபா. ஆம்பளைங்களோட இட்ச்சிகினு பஸ்ல போறது, அப்பால அவன் தொட்டான் இவன் தொட்டான்னு கத்தறது. யாரு உன்ன வரச் சொன்னா?"

ஒருநாள் எங்கள் அணிப் பையன் ஒருவன் துணிந்து கேட்டுவிட்டான். "அண்ணே, உங்க லைன் வூட்டுல குடியிருக்கறதே முக்கால்வாசி ஷிப்ட்டுக்குப் போற பொண்ணுங்கதானே?"

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அது வேற, இது வேற" என்றார்.

இது அவருடைய கடைசி வார்த்தை. எதில் மடக்கினாலும் இதைச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார். தெற்கத்தி ஆட்களைத் திட்டுவார், நானும் அந்தப் பக்கம்தானே என்றால் அது வேற, இது வேற. வேடிக்கை என்னவென்றால், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். "இன்னா ஆட்டம் ஆடறாரு, அவருக்குத் தெரியாதா?" என்பான் கம்பெனியின் பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்யும் நண்பன். எகிறி அடிக்கிறதுக்கும் பெண்கள் வேலைக்குப் போவதற்கும் என்னய்யா சம்பந்தம் என்று எனக்கு உள்ளே குமையும். வாயைத் திறக்க மாட்டேன். நாளைக்கு ஐந்தரைக்கு அவருக்குப் பந்து தூக்க வேண்டும்.

கல்யாணம் ஆனதும் பேச்சியை அழைத்து வந்து, அவருடைய லைன் வீடுகளில் ஒன்றில்தான் குடிவைத்தேன். அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். பேச்சிக்கும் எங்கள் கம்பெனியிலேயே, பார்ட்ஸ் சரிபார்க்கிற லைனில் வேலை கிடைத்தது. ஆடி மாதம் அவர் வீட்டிலிருந்து கூழ் வரும். பேச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது தன் பைக்கில் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். நான் ஷிப்டில் இருந்தேன். இதையும் சொல்லாமல் விட்டால் நான் மனிதனில்லை.

அப்புறம் அந்தப் பஸ் விஷயம்.

பேச்சி போகிற காலை ஷிப்ட் பஸ் விடிவதற்கு முன்பே பிள்ளைப்பாக்கத்திலிருந்து கிளம்பும். எல்லாரும் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். அந்த ரூட்டின் இன்சார்ஜ் அவருடைய பெரியப்பா மகன். ஆள் எண்ணுகிறேன் என்று நடந்து வந்து, தூங்குகிற பெண்களின் தோளிலும் இடுப்பிலும் கை வைப்பான். மற்றப் பெண்கள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒண்டிக்கொள்வார்களாம். பேச்சி கையைப் பிடித்து முறுக்கிவிட்டாள். அன்று மத்தியானமே புகாரும் எழுதிக் கொடுத்தாள். பின்சீட்டில் யார் இருந்தது என்று விசாரணையில் கேட்டார்கள். அவர் இருந்தார். அந்த வரிசையில் வேறு யாருமில்லை.

வீட்டுக்கு வந்து பேச்சி சந்தோஷமாகவே சொன்னாள். "அண்ணாச்சி பாத்துட்டுத்தான் இருந்தாவ. நான் திரும்பினப்ப நேரா என்னையத்தான் பாத்தாவ. அவிய சொல்லிருவாவ."

எனக்கும் சந்தேகமே இல்லை. ஜெயித்த கோப்பையை ஒரு விரலுக்காக விட்டவர்.

விசாரணையில் அவர் சொன்னது ஒரே வரி. "நான் தூங்கினு இருந்தேன் மேடம்."

விசாரித்த எச்.ஆர். மேடம் கெட்டவள் இல்லை. பேச்சியைத் தனியே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துப் பேசினாளாம். "அண்ணன் ஃபைனல்ல ஜெயிச்ச மேட்சையே விட்டுக்குடுத்தவரும்மா. யாருக்குமே தெரியாததை அவரா கை தூக்கிச் சொன்னார். உன் வீட்டுக்காரரே எங்களுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருக்கார். அப்படிப்பட்டவர் பொய் சொல்வாரா?"

பேச்சி இதை என்னிடம் சொல்லும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை, என் வீட்டுக்காரியின் வாயை அடைக்கப் போய் நின்றிருந்தது. சாட்சி போதவில்லை என்று புகாரை முடித்துவிட்டார்கள். இன்சார்ஜை வேறு ரூட்டுக்கு மாற்றி, பொங்கலுக்குள் திரும்பப் போட்டார்கள். பேச்சி அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றாள். வேலையை விட்டுவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கிற இடத்தில் சேர்ந்தாள். ஷேர் ஆட்டோவில் போய் வந்தாள்.

நான் அவரிடம் கேட்டேன். கேட்காமல் இல்லை. மைதானத்தில் முட்டி கேப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க தூங்கலை."

"யார் சொன்னா?"

"நீங்கதான் சொல்லியிருக்கீங்க. முட்டி வலியில பஸ்ல கண்ணே மூட முடியலன்னு. எத்தனை தடவை."

கேப்பை இழுத்துச் சரிசெய்தார். ரொம்ப நேரம் சரிசெய்தார்.

"எங்க பெரிப்பா புள்ளடா அவன். எப்டி காட்டிக் குடுப்பேன்? ஊர்ல தல காட்ட வேணாமா?"

"அன்னைக்கு ஃபைனல்ல மட்டும் கையைத் தூக்கினீங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் ஏதோ சின்ன விஷயம் புரியாமல் கேட்பதுபோல் பார்த்தார்.

"அது வேற, இது வேற. வா, பந்து எடு."

அன்று நான் பந்து எடுக்கவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் சூப்பர்வைசர் வந்து, டீமில் இருப்பதால்தான் கான்ட்ராக்ட் ஆளான என் பெயர் மற்றவர்களோடு வெளியே போகாமல் இருக்கிறது என்று சும்மா ஞாபகப்படுத்திவிட்டுப் போனார். அவர் சொல்லி அனுப்பினார் என்று நினைக்காதீர்கள். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை.

அடுத்த போட்டியில் ஒரு முடிவோடுதான் இறங்கினேன். பந்தை யாருக்கு வேண்டுமானாலும் தூக்குவேன், அவருக்குத் தூக்க மாட்டேன். கொஞ்ச நேரம் முடிந்தது. இடது பக்கப் பையனுக்குக் கொடுத்தேன், பின்னால் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பந்துக்கும் ஓடி வந்து சும்மா எகிறி இறங்கினார். பிறகு பின்னாலிருந்து ஒரு பந்து நல்ல உயரத்தில், மெதுவாக, என் தலைக்கு மேல் வந்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லாத பந்து. என் கை அதை அவருக்குத் தூக்கியது. அவர் மேலே போய், இருந்து, பார்த்து, அடித்தார். கூட்டம் கத்தியது. நானும் கத்தினேன். கத்திய பிறகுதான் வேலியோரம் நின்ற பெண்களைப் பார்த்தேன். அதே பஸ்ஸில் வருகிற பெண்கள். அவர்களும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் என்றிருந்தது.

பிறகும் அவருக்குப் பந்து தூக்கினேன். அவர் வீட்டில்தான் குடியிருந்தோம். சுற்றி எந்த வீட்டைக் கேட்டாலும் அவர் சொந்தக்காரன் வீடு. புகாருக்குப் பிறகு வாடகையை ஏற்றவில்லை, காலி செய்யச் சொல்லவில்லை, கூழ் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போர் மோட்டார் கெட்டுப்போய், அவரே குழிக்குள் இறங்கி, சேறும் கிரீசுமாக ஏறி வந்தார். எங்கள் வாசலில் நின்று, "தண்ணி வருதாம்மா?" என்று கேட்டார்.

"வருது" என்றாள் பேச்சி.

அவர் போனதும் குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள். "இந்த மனுசன் ஒரேயடியாக் கெட்டவரா இருந்திருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

நாங்கள் வேறு வீடு பார்த்துப் போக வெகுநாள் ஆனது. போன ஆடியில் அவர் இறந்தார். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பாடையை அணிக்காரர்கள்தான் தூக்கினோம். அந்தத் தோளும் கையும் அசையாமல் கிடந்ததைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். பேச்சி வந்தாள், அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அழவில்லை.

விழாவன்று காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள். "என்ன பேசப் போறீய?"

"ஃபைனல் கதையைச் சொல்லச் சொல்லுதாங்க."

"சொல்லுங்க. நடந்ததுதானே." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "எனக்காக ஒண்ணும் செய்ய வேண்டாம். ஆனா நல்ல மனுசன்னு மட்டும் உங்க வாயால சொல்லாதீய. அதைக் கேட்டுக்கிட்டு என்னால உக்காந்திருக்க முடியாது."

மைதானத்தில் பந்தல் போட்டு, புதுசாகக் கோடு இழுத்திருந்தார்கள். கொஞ்சம் கோணியிருந்தது. முன்வரிசையில் அவர் மனைவி, பக்கத்தில் பெரியப்பா மகன். கடைசி வரிசைகளில் பெண்கள், அங்கே பேச்சி. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் மாமனிதர், உத்தமர் என்று அடுக்கினார்கள். ஆட்டத்தைப் பற்றி ஒருத்தரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. எனக்கு அதுவும் ஆத்திரமாக இருந்தது.

மைக்கைப் பிடித்ததும் ஆட்டத்தைச் சொன்னேன். மேலே போய் அவர் எப்படி இருப்பார், எப்படிப் பார்ப்பார் என்று சொன்னேன். ஃபைனலைச் சொன்னேன். மனசாரச் சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. விசில் ஊதிய பிறகு அவர் நின்ற நிலையைச் சொல்லி, "கையைத் தூக்கினார்" என்று நானும் என் வலது கையைத் தூக்கினேன்.

அடுத்ததைச் சொல்லுமுன் கைதட்டல் எழுந்துவிட்டது. கதை முடிந்தது என்று நினைத்த எச்.ஆர். ஆபீசர் பக்கத்தில் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். நான் கையை இறக்கவில்லை. எதற்காக என்று அந்த நேரம் எனக்கே தெளிவாகத் தெரியாது. ஆபீசர் என்னைப் பார்த்தார், உருகிப்போனார். "எல்லாரும் எழுந்து, அண்ணனுக்கு மரியாதையா, அதே மாதிரி வலது கையைத் தூக்குங்க. ஒரு நிமிஷம் மௌனம்" என்றார்.

பந்தல் முழுக்க எழுந்து நின்றது. மேனேஜர்கள், அணிக்காரர்கள், ஹாஸ்டல் பெண்கள், அவர் மனைவி, பெரியப்பா மகன். அத்தனை பேரும் கையைத் தூக்கி நின்றார்கள். பேச்சி மட்டும் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் மடியில் இருந்தது.

அந்த மௌனத்தில் மைக்கே தேவைப்படவில்லை.

"இன்னும் முடியலை" என்றேன். "காலை ஷிப்ட் பஸ்ல ஒரு பொண்ணு மேல ஒருத்தன் கை வெச்சான். அந்தப் பொண்ணு புகார் குடுத்தா. அண்ணன் பின்சீட்டுல இருந்தார். தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னார். அவர் தூங்கலை. என்கிட்டயே ஒத்துக்கிட்டார். அந்தப் பொண்ணு சொன்னது நிஜம். அவர் அன்னைக்குத் தூக்காத கை இது."

யாரும் கத்தவில்லை. யாரும் உட்காரவும் இல்லை. தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. பெரியப்பா மகன் என்னைப் பார்க்காமல் பந்தலின் கூரையைப் பார்த்தான். முதலில் கையை இறக்கியவர் அவர் மனைவி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மெல்லத் திரும்பி, பெண்கள் இருந்த பக்கம் பார்த்தார்.

அங்கே பேச்சி எழுந்து நின்றாள். நின்று, தன் கையைத் தூக்கினாள்.